நான்காம் எண் உறுப்பினர் என்ன சாப்பிடுகிறார்?

அகமதாபாத்தில் பால்டி பக்கம் சாத்விக் குஞ்ச் என்று ஒரு குடியிருப்பு. நாற்பத்தெட்டு வீடுகள். நாற்பத்தெட்டும் சைவம். அதுதான் அங்கே சிக்கலே. எல்லோரும் சைவம் என்றால் யார் யாரை மட்டமாகப் பார்ப்பது என்று தெரியாமல் முப்பது வருடமாகத் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

சமர்த்லால் காபடியா சங்கத் தலைவரானதும் அந்தக் குறை தீர்ந்தது. அவர் எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்தாத ஒரு தராசையும் விட்டுவைத்தவர் இல்லை. ஓய்வுக்குப் பிறகு முத்திரை குத்த ஒன்றும் கிடைக்காமல் ஒரு வருடம் மெலிந்துபோனார். பிறகு முதல் பொதுக்குழுவில் எழுந்து நின்றார்.

"சைவம், சைவம்னு வெறுமனே சொன்னா என்னய்யா அர்த்தம்? ஒருத்தன் மூட்டையைக் காட்டி அரிசின்னு மட்டும் சொன்னா நான் விட்டிருப்பேனா? எந்த அரிசி, எத்தனை கிலோ, கல்லு எவ்வளவுன்னு கேட்டிருக்க மாட்டேன்?"

அப்படிப் பிறந்ததுதான் உணவு வகைப்பாட்டுக் குழு.

குழு ஏழு மாதம் கூடிப் பதினான்கு வகைகளைக் கண்டுபிடித்தது. ஒவ்வொன்றுக்கும் வாசலில் மாட்ட ஒரு பலகை. பச்சையில் தங்க விளிம்பு போட்டது முதல் வகை: வெங்காயம், பூண்டு, மண்ணுக்கடியில் விளையும் எதையும் தொடாமல், சூரியன் சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பவர்கள். அங்கிருந்து படிப்படியாக இறங்கும். ஏழாம் வகை, வெங்காயம் தின்று அதற்காக வருந்துபவர்கள். எட்டாம் வகை, வருந்தாதவர்கள். பதினோராம் வகை, கேக்கில் முட்டை உண்டா என்று கேட்டுவிட்டு வேண்டாம் என்பவர்கள். பன்னிரண்டு, கேட்காமலே சாப்பிடுபவர்கள். பதின்மூன்று, கேட்டுவிட்டும் சாப்பிடுபவர்கள். பதின்மூன்றாம் பலகைக்கு ஒரே ஒரு இளைஞன் நேர்மையாக விண்ணப்பித்தான். அந்த மாதமே அவன் சூரத்துக்குக் குடிபோக நேர்ந்தது.

இடையில் ஏகாதசியால் ஒரு சங்கடம் வந்தது. ஏகாதசி விரதக்காரர்கள் அன்றைக்குத் தானியம் தொடமாட்டார்கள்; உருளைக்கிழங்கும் ஜவ்வரிசியும்தான். அதாவது பதினைந்து நாளைக்கு ஒருமுறை பக்தி முற்றியவர்கள் எல்லாம் கிழங்கு தின்று மூன்று படி கீழே இறங்கினார்கள். விரதமே இல்லாதவன் அன்று மட்டும் அவர்களைக் குனிந்து பார்த்தான். நான்கு மணி நேர விவாதத்துக்குப் பிறகு ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஏகாதசி நாட்களில் மட்டும் உருளைக்கிழங்கு செடியின் மேல்பக்கம் காய்ப்பதாகச் சங்கம் கருதும்.

லிஃப்டிலும் விதி வந்தது. முதல் மூன்று வகையினரின் டிபன் டப்பாவும் ஏழுக்குக் கீழே உள்ளவர்களின் டப்பாவும் ஒரே நேரத்தில் ஏறக்கூடாது. நான்கு முதல் ஆறு வகையினர் இருதரப்போடும் ஏறலாம், டப்பாவைத் திறக்காத வரை.

மன்ஹர்பாய் சோக்சிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. ரத்தன்போள் கடைவீதியில் ஒரு சேலைக் கடையில் முப்பத்தொரு வருடமாகக் கல்லாப் பக்கம் உட்காராமல் மெத்தைமேல் உட்கார்ந்து சேலை விரிப்பவர் அவர். படியேறி வரும் பெண்ணைப் பார்த்ததுமே இவளுக்கு மயில்நீலம், இவளுக்கு வெங்காயச் சருகு நிறம் என்று சொல்லிவிடுவார். தவறியதில்லை. பலகைக்கு விண்ணப்பிக்காமலே ஒன்றரை வருடம் ஓட்டியிருந்தார். மகள் ஹேதலுக்கு நிச்சயம் வந்தபோதுதான் மாட்டிக்கொண்டார்.

பையன் வீடு பாவ்நகர். பையனின் அப்பா பரிமள்பாய் ஜவேரி தொலைபேசியில் நல்ல மனிதராகத்தான் பேசினார். "எங்களுக்கு ஒரு ஆசையும் இல்ல மன்ஹர்பாய். உங்க குடியிருப்புல பலகை முறை வச்சிருக்கீங்களாமே, ரொம்ப சந்தோஷம். நிச்சயத்தை உங்க ஹால்லயே வச்சிருவோம். அட்சய திருதியை நாள் நல்லா இருக்கு."

சங்கத்தின் பொது ஹால், பலகை உள்ள வீட்டுக்கு மட்டும்தான். அட்சய திருதியைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

விண்ணப்பத்தில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. வீட்டில் யார் வகை எல்லாவற்றிலும் தாழ்ந்ததோ அதுவே வீட்டின் வகை என்று கீழே அச்சிட்டிருந்தது. மன்ஹர்பாய் பேனாவை எடுத்தார். ஒன்று, கல்யாணம் ஆகாத அண்ணன் சபில்பாய்: வெங்காயம் பூண்டு கிடையாது, அஷ்டமி சதுர்த்தசியில் பச்சைக்காய் கிடையாது, பதினொரு மணிக்குச் சாப்பாடு. இரண்டு, தான்: வெங்காயம் உண்டு, அண்ணனைப் பார்க்கும்போது வருத்தமும் உண்டு. மூன்று, ஹேதல்: போன வருடத்திலிருந்து பால், தயிர், நெய் எதுவும் கிடையாது, கறந்தால் பசுவுக்கு வலிக்கிறதாம், அவளுக்குப் பாதாம் பால். அந்தப் பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து அரைப்பவளுக்கு வலிக்கிறதா என்று கேட்க விண்ணப்பத்தில் இடமில்லை. நான்கு, மனைவி விலாஸ்பென்.

நான்காவது வரியில் பேனா நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'மேற்படி' என்று எழுதினார்.

சங்க அலுவலகத்தில் செயலாளர் விபின்பாய் மாங்கட் கண்ணாடியை மேலே தள்ளினார். "மேற்படின்னா எதுக்கு மேற்படி? மேல மூணு பேரு மூணு விதமா இருக்காங்களே."

மன்ஹர்பாய் வீட்டுக்குத் திரும்பினார். விலாஸ்பென் ரொட்லிக்கு, அந்த ஊர் மெல்லிய சப்பாத்திக்கு, மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"நீ என்ன சாப்பிடுவே?"

"இப்பவா?"

"இப்ப இல்ல, பொதுவா."

"எது இருக்கோ அது."

"எது இருக்கும்?"

"எது மிஞ்சுதோ அதுதான் இருக்கும். பெரியவருக்குச் செஞ்சதுல கொஞ்சம், உங்களதுல கொஞ்சம், ஹேதல் பாதியில வச்சிட்டுப் போனது. என்ன இது, இருபத்தேழு வருஷம் கழிச்சு விசாரணை?"

"உனக்குப் பிடிச்சது எதுன்னு கேக்கறேன்."

விலாஸ்பென் பிசைவதை நிறுத்தினாள். நிஜமாகவே யோசித்தாள். "தெரியலையே" என்றாள். பிறகு மறுபடி பிசைய ஆரம்பித்தாள்.

மன்ஹர்பாய்க்கு வெட்கமாக இருந்தது. முன்பின் தெரியாத ஆயிரம் பெண்களின் மனதை நிறம் நிறமாக விரித்துக் காட்டியவர். இவள் உட்கார்ந்து சாப்பிட்டு எப்போது பார்த்தோம் என்று நினைத்துப் பார்த்தார். கல்யாணத்தன்று பார்த்திருந்தார். அன்றும் போட்டோக்காரன் சொன்னதால்தான்.

மறுநாள் தலைவரிடமே போய் உண்மையைச் சொன்னார். "எது மிஞ்சுதோ அதைச் சாப்பிடறா, சமர்த்பாய்."

"மிச்சம்ங்கறது ஒரு வகை இல்ல மன்ஹர்பாய். அது ஒரு நிலைமை" என்றார் சமர்த்லால். சாய்ந்து உட்கார்ந்தார். பேச்சு நீளும் என்பதற்கு அது அறிகுறி. "என் வீட்டையே எடுத்துக்கோங்க. முதல் வகை. தங்க விளிம்பு. சும்மா வந்துச்சா? காலையில நாலு மணிக்கு என் வீட்டுக்காரி எந்திரிக்கறா. எனக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். பையன் வெங்காயம் கேப்பான், அவனுக்கு பால்கனியில வேற அடுப்பு, வேற பாத்திரம். பையன் வீட்டுக்குள்ள சாப்பிட்டாத்தானே கணக்கு, பால்கனி பொது இடம். சாயங்காலம் ஆறரைக்குள்ள என் சாப்பாடு முடியணும், அவனுக்கு ஒன்பது மணி. முப்பத்தாறு வருஷத்துல ஒருநாள் தவறினதில்ல. அவ்வளவு கட்டுப்பாடு எனக்கு."

"உங்க வீட்ல பாபி என்ன சாப்பிடுவாங்க?"

தலைவர் மேசைமேல் இருந்த காகிதக் கல்லை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார். "அது வீட்டு விஷயம். இப்ப நம்ம பேசறது உங்க நாலாம் எண் உறுப்பினரைப் பத்தி. சந்தேகம்னா விதியில வழி இருக்கு. எட்டு நாள் நேரடிக் கண்காணிப்பு. மாங்கட் வருவாரு."

மாங்கட் வந்தார். காலை பத்தரைக்கு வந்து ஒன்றரைக்குப் போவார்; மாலை ஆறரைக்கு வந்து எட்டரைக்குப் போவார். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. மாங்கட் இரண்டாம் வகை. பூண்டு, கிழங்கு ஆகாது. ஆனால் காரம் வேண்டும். ஆகவே அடுப்பில் நான்காவது பாத்திரம் ஏறியது. விலாஸ்பென் தணலில் உப்பிய ரொட்லியை அப்படியே கொண்டுவந்து அவர் தட்டில் போட்டு, நெய் தடவினாள். அவர் எட்டு நாளும் இடது கையால் எழுதினார், வலது கை ஓயவில்லை.

நோட்டுப் புத்தகத்தில் இப்படி இருந்தது:

முதல் நாள் காலை. நான்காம் எண் உறுப்பினர் நின்றுகொண்டிருந்தார். எதுவும் உண்ணவில்லை.

மூன்றாம் நாள் மாலை. நின்றுகொண்டிருந்தார். பருப்பில் உப்பு சரியா என்று மற்றவர்களைக் கேட்டார். தான் ருசி பார்க்கவில்லை.

ஆறாம் நாள். எதுவும் உண்ணவில்லை. இரண்டு முறை தண்ணீர் குடித்தார், கொதிக்கவைத்து ஆற்றியது. முகத்தில் ஒளி.

எட்டாம் நாள். உண்ணவில்லை. ரொட்லி அருமை.

முகத்து ஒளி சித்திரை வெயிலில் நான்கு பாத்திரத்தின் முன்னால் நின்றதால் வந்த வியர்வை. ஆனால் எட்டு நாள் தண்ணீரை மட்டும் குடித்து உபவாசம் இருப்பது அந்த ஊரில் சாதாரணம் இல்லை. இருந்தவர்களை ஊரே கொண்டாடும், ஊர்வலம் விடும். அன்று இரவே நோட்டைப் படித்த சமர்த்லாலின் கண் கலங்கியது. "நம்ம குடியிருப்புல ஒரு தபஸ்வி. சத்தமே இல்லாம எட்டு நாள். மிச்சம் சாப்பிடறேன்னு சொல்லி மறைச்சிருக்காங்க பாருங்க."

விலாஸ்பென் அலுவலகத்துக்கே போய்ச் சொன்னாள். "நான் உபவாசம் எல்லாம் இருக்கல, பாய். மாங்கட்பாய் எட்டரைக்குக் கிளம்பிடுவாரு. மத்தியானமும் அவர் போனப்புறம்தான், ராத்திரி நான் ஒன்பதரைக்குத்தான் சாப்பிடுவேன்."

"நிஜமான தபஸ்வி இப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் சமர்த்லால் மாங்கட்டிடம். மாங்கட் அதையும் குறித்துக்கொண்டார்.

மன்ஹர்பாய் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பதினான்கு வகைக்கும் மேலே, எதுவுமே உண்ணாதவர் வகை என்று ஒன்றைக் குழு அவசரமாகப் படைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெருமையில் ஹாலும் தானாக வந்து சேரும். பாவ்நகருக்குச் செய்தி போய்விட்டது. பரிமள்பாய் தொலைபேசியில் குரல் தழுதழுக்கப் பேசினார். நல்ல விஷயம் நடக்கும்போது குறுக்கே பேசுவானேன் என்று மன்ஹர்பாய் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கோழைகள் எல்லோரும் சொல்லிக்கொள்வதுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையே விலாஸ்பென்னைக் குதிரை வண்டியில் ஏற்றினார்கள். முன்னால் பேண்டு வாத்தியம். குடியிருப்பை நான்கு சுற்று. பெண்கள் சன்னலிலிருந்து அரிசி தூவினார்கள். வண்டி அவர்கள் வீட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் விலாஸ்பென் எட்டி மாடியைப் பார்த்தாள். பருப்புக் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வந்திருந்தாள். மூன்றாவது சுற்றில் சபில்பாய் மாடியிலிருந்து குனிந்தார்.

"மன்ஹர், ஊர்வலம் எப்ப முடியும்? மணி பத்தே முக்கால் ஆச்சு. நான் பதினொண்ணுக்குச் சாப்பிடணும்."

பிறகு ஹாலில் பாரணை. உபவாசம் முடிப்பவருக்கு முதல் கரண்டி பயற்றங்கஞ்சியை ஊட்டும் உரிமை சம்பாபென் ஷாவுக்குத் தரப்பட்டது. சம்பாபென் நிஜமாகவே எட்டு நாள் உபவாசம் இருந்தவர், ஒருமுறை அல்ல ஐந்துமுறை. அவர் வீட்டு வாசலில் பலகை கிடையாது. கேட்டபோது, "என் விரதம் எனக்கும் சாமிக்கும். கதவுக்கு எதுக்கு?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவருக்கு ஹால் தேவைப்படாததால் குழுவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சம்பாபென் கரண்டியை நீட்டியவர், விலாஸ்பென்னின் முகத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினார்.

"ஏம்மா, எட்டாம் நாள் எனக்கு எந்திரிச்சு நிக்க ரெண்டு பேர் பிடிக்கணும். நீ நேத்து ரெண்டு வாளி தண்ணியோட படியேறினதை நான் பாத்தேன். கடைசியா எப்ப சாப்பிட்ட?"

"நேத்து ராத்திரி" என்றாள் விலாஸ்பென். "ரெண்டு ஆறின ரொட்லி. மாங்கட்பாய் வச்சிட்டுப் போன காரக் கூட்டு கொஞ்சம். வழக்கமா இன்னும் ஒரு ரொட்லி இருக்கும். இந்த எட்டு நாளா அவரு சாப்பிட்டதுல மிஞ்சல."

பேண்டுக்காரர்களில் ஒருவன் தெரியாமல் ஒரு தட்டு தட்டினான்.

சமர்த்லால் எழுந்தார். மோசடி என்றார், சங்கத்தை ஏமாற்றிய குற்றம் என்றார், ஹால் ரத்து என்றார். சம்பாபென் அவரைப் பார்க்கவே இல்லை. கூடியிருந்த பெண்கள் பக்கம் திரும்பி, "நீங்க எல்லாம் எப்ப சாப்பிடறீங்க? என்ன சாப்பிடறீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "மிச்சம்தான்." இன்னொரு குரல், "எங்க வீட்லயும்." மூன்றாவதாக எழுந்தது தலைவரின் மனைவி. "பால்கனி அடுப்புல மிஞ்சினது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு குரல்கள் நிற்கவில்லை; மாங்கட் பழக்கதோஷத்தில் எண்ணிக்கொண்டே வந்தார். பலகை மாட்டியதில் நாற்பத்தோரு வீடு. விதிப்படி யார் தாழ்ந்தவரோ அதுவே வீட்டின் வகை. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிடுகிறவளுக்கு எந்த வகையும் இல்லை. ஆகவே நாற்பத்தோரு பலகையும் செல்லாது, தங்க விளிம்பு உட்பட. இதை அவர் தலைவரின் காதில் சொன்னபோது தலைவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மதியமே அவசரப் பொதுக்குழு கூடியது. சமையல் நேரம் என்பதால் பெண்கள் வர முடியவில்லை. சமர்த்லால் தெளிவாகப் பேசினார்.

"நண்பர்களே, தராசுல பொருளை நிறுக்கும்போது தட்டையும் சேத்தா நிறுப்போம்? தட்டு எடையைக் கழிச்சிட்டுத்தான் நிறுப்போம். தட்டு இல்லாம நிறுக்க முடியுமா, முடியாது. அதுக்கு உரிய மரியாதையை நாம கொடுக்கறோம். ஆனா அது கணக்குல வராது."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இனி வீட்டில் சமைப்பவர் உண்பவர் பட்டியலில் சேரமாட்டார். வகைப்பாட்டுக்காக அவர் சமையலறைச் சாதனங்களுள் ஒன்றாகக் கருதப்படுவார். மன்ஹர்பாயின் கையும் மற்ற கைகளோடு உயர்ந்திருந்தது. சோக்சி வீட்டில் இனி மூன்றே உறுப்பினர்கள். மன்ஹர்பாயின் வெங்காயத்தால் ஏழாம் வகை, மஞ்சள் பலகை. ஹால் கிடைத்துவிட்டது.

பலகையை வாசலில் திருகிவிட்டு உள்ளே வந்தார். "உக்காருங்க, ரொட்லி சூடா இருக்கு" என்று குரல் வந்தது. உட்கார்ந்தார். சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகவே இறங்கியது. நான்கு ரொட்லி சாப்பிட்டார். ஐந்தாவது வந்து விழுந்தபோதுதான் அது எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தார். அடுப்புக்கு முன்னால் ஒரு முதுகு. ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. இந்த முதுகைத்தான் கை தூக்கிக் குக்கரோடு சேர்த்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தன்மேலேயே அருவருப்பு வந்தது.

எழுந்துபோய், "நீ உக்காரு" என்றார்.

"ஏன், உப்பு போதலையா?"

"உக்காருன்னேன்ல."

அவர் இட்ட ரொட்லி ஒருபக்கம் கருகி, ஒருபக்கம் மாவாக, கட்ச் வளைகுடாவைப் போல வாய் பிளந்து வந்தது. விலாஸ்பென் அதைக் கையில் வாங்கியதும் சுட்டு, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றி ஊதினாள். பிய்த்து வாயில் போட்டாள்.

"அன்னிக்குக் கேட்டீங்களே, எனக்கு என்ன பிடிக்கும்னு" என்றாள். "சூடா இருந்தா பிடிக்குது."

அட்சய திருதியையன்று ஹால் நிறைந்திருந்தது. சமையல்காரர்கள் பின்கட்டில் பூரி பொரித்தார்கள்; மாம்பழம் பிழிந்த ஆம்ரஸ் அண்டா அண்டாவாக இருந்தது. முதல் பந்தியில் பாவ்நகர் ஆண்கள், அண்ணன் சபில்பாய், தலைவர், மாங்கட். அவர்களுக்கு நடுவில், எல்லோரும் பார்க்க, மன்ஹர்பாய் விலாஸ்பென்னையும் ஹேதலையும் உட்காரவைத்தார். பூரிக் கூடையைத் தானே தூக்கிக்கொண்டார். சபில்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரிமள்பாய் வாசல் பலகையைப் பற்றியும் ஊர்வலத்தைப் பற்றியும் எதுவும் கேட்கவில்லை, நாகரிகமானவர். ஆனால் கடைசியில் அவராலும் பொறுக்க முடியவில்லை.

"எங்க வீடு உங்க கணக்குல முதல் வகையாத்தான் வரும். அதை விடுங்க. பொண்ணு எந்த வகைன்னு தெரிஞ்சுகிட்டா இவளுக்குச் சமையல்கட்டுல உதவியா இருக்கும்" என்று தன் பின்னால் நின்ற மனைவியைக் கட்டைவிரலால் காட்டினார். குந்தன்பென் கணவருக்கு விசிறிக்கொண்டு நின்றார்.

சமர்த்லால் தொண்டையைச் செருமிக்கொண்டு விதிப்புத்தகத்தை எடுத்தார். மன்ஹர்பாய் கூடையோடு நின்றுவிட்டார். ஒரு பதிலில் நிச்சயம் நிற்கும் அல்லது முறியும் என்று அவருக்குத் தெரிந்தது. இந்தமுறை அவர் வாய் திறந்தார். ஆனால் விலாஸ்பென் முந்திக்கொண்டாள். பூரியை ஆம்ரஸில் தோய்த்தபடி, எழுந்திருக்காமலே சொன்னாள்.

"சூடா சாப்பிடற வகை, பாய். எல்லாரோடயும் சேந்து உக்காந்து. மத்தபடி எதுவானாலும் அவளே செஞ்சுக்குவா, பாதாம் பாலும் சேத்து. உங்களுக்குச் சரின்னா பேசுவோம். இல்லேன்னா ஆம்ரஸ் நிறைய இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க."

மாங்கட் தலைவரின் கையிலிருந்த விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "அப்படி ஒரு வகை இல்லையே" என்றார் மெதுவாக.

விசிறிக் காற்று நின்றுபோயிருந்ததால் பரிமள்பாய்க்கு வியர்த்தது. விசிறிக்காகத் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. குந்தன்பென் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, விலாஸ்பென்னுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்திருந்தார். விசிறி மேசைமேல் கிடந்தது.

"அங்க என்ன பண்றே?" என்றார் பரிமள்பாய்.

குந்தன்பென் அவரைப் பார்க்கவில்லை. மன்ஹர்பாயிடம் தட்டை நீட்டினார்.

"அடியில இருக்கறது வேணாம், பாய். இப்ப வந்ததுல ஒண்ணு போடுங்க."